பேர் இருக்கிற பாதி

சிதம்பரத்தில் மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கினார். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

சின்ன வயதில் எங்கள் கடலூர் வீட்டில் மாத்திரைகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். திறந்தால் மருந்து நெடியோடு பழைய வெண்ணெய் வாசனையும் வரும். எல்லாம் நாலும் ஐந்துமாக நறுக்கி வாங்கிய துண்டுகள். பாதிக்குமேல் பேரே இருக்காது.

ஒருநாள் தங்கைக்குக் காய்ச்சல் என்று அம்மா ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தங்கை மயங்கி விழுந்தாள். "என்ன மாத்திர குடுத்தீங்க?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். அம்மா நீட்டிய அட்டையில் ஒரு எழுத்தும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பார்த்த பிறகுதான் அது அவருடைய பிரஷர் மாத்திரை என்று தெரிந்தது. தங்கை பிழைத்தாள்.

அப்பாவுக்கு செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் ட்ரம்களுக்கு லேபிள் ஒட்டும் வேலை. "கழிவுத் தண்ணி ட்ரம்முக்கே ரெண்டு பக்கமும் பேர் ஒட்டுறேன். புள்ள முழுங்குறதுக்குப் பேர் இல்லியா?" என்று வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தார்.

"பேர் இருக்கிற பக்கத்தக் குடுங்க" என்றேன் சிதம்பரம் கடைக்காரரிடம்.

"அதுலதான் சார் எக்ஸ்பைரி தேதி இருக்கு. குடுத்துட்டா மீதிய எப்டி விக்கிறது?"

"விக்கிற உங்களுக்குப் பேர் வேணும். முழுங்குற எங்களுக்கு வேணாமா?"

அவர் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளுக்கான அட்டையை எடுத்து, பேருக்குக் கீழே சரியாக நறுக்கி, பேர் இல்லாத பாதியை நீட்டினார்.