அடுப்புத் திருகு

மெஸ்காரம்மாவின் கேஸ் அடுப்புத் திருகுகளைக் கழற்றிக்கொண்டு போனது வேறு யாருமில்லை, அவள் பெற்ற மகன்தான். முப்பது வருஷம் மாணவிகள் விடுதிக்குச் சமைத்துப் போட்ட கை. அந்தக் கை இனி ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைக்கக் கூடாதாம்.

அவள் மேலும் தப்பு இல்லாமல் இல்லை. பட்டப்பகலில் அடுப்பு எரிவது தெரியாமல் பாத்திரத்தைக் கருக்கினாள். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் பால்காரர் என்று நினைத்து, "நாளைக்கு அரை லிட்டர் கூடப் போடுங்க" என்றாள். அன்றிலிருந்து, அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மகன் சொல்ல, தெருவெல்லாம் அதே பேச்சு.

வேலையைப் பிடுங்கி மூலையில் உட்கார வைத்தார்கள். எதிரே இருப்பவர் முகமே கலங்கலாகத் தெரியும்போது யாரிடம் என்னத்தைப் பேசுவது? பேச்சு குறைந்தது. காலையா மாலையா என்பதே குழம்பியது. கடைசியில் தனக்கு மூளை கழன்றுவிட்டது என்று அவளே நம்பிவிட்டாள். வயிறு எரிகிறது, நினைத்தால்.

மறதி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் ஒரு படத்தைக் காட்டினார்.

"ஏதோ மூட்டை மாதிரி இருக்கு."

அது யானை. "பாத்தீங்களா டாக்டர்!" என்றான் மகன்.

டாக்டர் படத்தை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். "இவங்க கண்ணை எப்ப காட்டினீங்க?"

"மறதிக்குத்தானே டாக்டர் வந்தோம்?"

"ரெண்டு கண்லயும் புரை முத்திக் கிடக்கு. பார்வை மங்கினா மூளையும் சேந்து மங்கலாம். மறதி எவ்வளவு சரியாகும்னு இப்ப சொல்ல முடியாது. முதல்ல ஆபரேஷன் பண்ணுங்க."

செல்போனில் கீறல் விழுந்த அன்றே ஓடிப்போய்க் கண்ணாடி மாற்றியவன் அந்த மகன். அம்மா கண்ணுக்கு இரண்டு வருஷமாக நேரமில்லை.

இரண்டு கண்ணும் ஆறிய பிறகு ஒருநாள் காலையில் கேட்டாள். "திருகைக் குடுடா."

"எங்கயோ ஒளிச்சு வச்சேம்மா. தேடணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சமையலறை வாசல் பக்கத்து ஆணியில், சிவப்புக் கயிற்றில் கோத்துத் தொங்கின திருகுகள். அவள் தினமும் தடவித் தடவி நடந்த சுவர் அது.

"கண்ணு தெரியலன்னு தெரிஞ்சுதானேடா இங்க மாட்டின? அப்புறம் எதுக்குடா எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் சொன்ன?"

அவள் திருகுகளைப் பொருத்தி, ஒரே ஒரு டம்ளர் தண்ணீரை அடுப்பில் வைத்தாள்.

"அத்தை, எங்களுக்கும் சேத்து டீ போடுங்களேன்," என்றாள் மருமகள்.

"வேணாம்மா. புத்தி பேதலிச்சவ, உப்பைப் போட்டுடுவேன்."