ஈரச்சாக்குக்குள் இருந்த உயிர்

திருமங்கலத்தைத் தாண்டியிருக்கும் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து, இருபத்திரண்டு வருடமாகப் பாண்டீஸ்வரிக்கு விடிவதே மல்லிகைத் தோட்டத்தில்தான். நாற்பது சென்ட். அதில் பூப்பறித்தே மகள் திவ்யாவை நர்சிங் படிக்க அனுப்பினாள். போன ஐப்பசியில் மேற்கு ஓரத்துச் செடிகள் மஞ்சளித்து வாடத் தொடங்கின. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது.

அவள் புருஷன் மலையாண்டி பதறவில்லை. மண்ணில் நல்ல பாக்டீரியா உண்டு, வேரைச் சுற்றி அது குடியேறிவிட்டால் அழுகல் பூஞ்சாணத்தை அண்டவிடாது, செடியும் செழிக்கும் என்று ஒரு விவசாயக் கூட்டத்தில் கேட்டுவந்தவர். கண்ணுக்குத் தெரியாத பூச்சியை வளர்க்கிறார் என்று ஊர் கேலி செய்தது அவருக்கு உறைக்கவே இல்லை. சூடோமோனாஸ் என்கிற அந்த வெள்ளைப் பொடியைத் தொழு உரத்தில் கலந்து, கொட்டகை நிழலில் குவித்து, ஈரச்சாக்கால் மூடினார்.

"பதினஞ்சு நாள்ல பெருகிரும். சாக்கு காயாமப் பாத்துக்க. பச்சத்தண்ணி மட்டும் தெளி, மருந்து கிருந்து பட்டுறக்கூடாது. அம்புட்டும் உசுரு."

மறுநாள் மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

எழவு வீட்டில் ஆயிரம் பேச்சு. அதற்கு நடுவிலும் தினமும் எழுந்துபோய்ச் சாக்கை நனைத்தாள் பாண்டீஸ்வரி. யார் என்ன நினைத்தால் என்ன, அவர் கடைசியாகக் கைவைத்த வேலை அல்லவா அது! பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே குவியலைப் பிரித்து, செடி செடியாக வேரில் வைத்தாள். மேலே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததை அவர் கலந்த பொடி என்றே நினைத்தாள். அப்போது காரியத்துக்காகத் தெளித்திருந்ததில் வீடு வாசல் எல்லாமே பிளீச்சிங் பவுடர் வாடைதான். தனியாக எதுவும் மூக்கில் ஏறவில்லை.

கார்த்திகை மழை விடாமல் பிடித்தது. ஒரே மாதத்தில் தோட்டம் முழுக்கப் பட்டுப்போனது.

பட்ட செடிகளை வெட்டியெடுக்க விருமாண்டி மண்வெட்டியோடு வந்தான். மலையாண்டியின் தம்பி. ஆண்பிள்ளை இல்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைத்தவன். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு எது என்றாலும் அவன்தான் ஓடிவந்தான்.

"எங்கண்ணே ஏமாந்த ஆளு மதினி. கடை மருந்த ஊத்தியிருந்தா செடி நின்னுருக்கும். அந்தக் குப்பையில நாத்தத்தத் தவிர என்ன இருந்துச்சு? காரியத்துக்கு நாலு பேரு வாராங்களேன்னு நாந்தேன் பிளீச்சிங் பவுடர அள்ளிப் போட்டுத் தண்ணியத் தெளிச்சு அடக்குனேன்."

அன்று குவியல் மேலே தெரிந்த வெள்ளை பாண்டீஸ்வரிக்கு நினைவுக்கு வந்தது. கிருமி என்று எது இருந்தாலும் கொல்லத்தானே அந்தப் பவுடர்? நல்லது கெட்டது அதற்கு என்ன தெரியும்! அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஏமாந்த ஆள் என்று அவன் சொன்னதைத் தாங்க முடியவில்லை.

"அவரு ஏமாறல தம்பி. அதுக்குள்ள உசுரா இருந்த பாக்டீரியாவ நீங்க போட்ட பவுடருதான் கொன்னுருச்சு."

"அண்ணே கடைசியா செஞ்ச வேலையவா மதினி நாங் கெடுத்தேன்?" என்றான் விருமாண்டி. மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு நடந்தான்.

புருஷன் பேரை அவள் காப்பாற்றிவிட்டாள். அதைக் கேட்க அங்கே இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். அவனும் அதற்குப் பிறகு அவள் வாசலை மிதிக்கவில்லை.