கருகமணி நேரத்தில் வியர்த்த கேமரா

அர்ஷியாவின் இடது கை கேமராவைப் பிடித்திருக்க, வலது கை சின்ன ரப்பர் பம்பை அழுத்தி லென்ஸின் ஓரத்துத் தூசியை ஊதிக்கொண்டிருந்தது. முந்தானையால் துடைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. மேலப்பாளையத்தில் அந்தக் கல்யாண வீட்டு மொட்டை மாடிப் பந்தலில், காலையிலிருந்து பெண்ணுக்கு மருதாணி வைத்ததையும் அலங்காரம் செய்ததையும் வீடியோ எடுத்ததில் கேமரா கொதித்துத் தானே அணைந்துபோயிருந்தது.

“சூடாயிட்டு லாத்தா. கொஞ்ச நேரம் நிழல்ல கிடக்கட்டும், சரியாப் போகும்” என்று பெண்ணின் தாய் ஷரீபா பீவியிடம் சொல்லி, கேமராவைப் பையில் வைத்து மாடிப்படியடியில் வைத்துவிட்டு, தொழுதுவிட்டு இரண்டு வாய் சாப்பிடப் போனாள்.

அர்ஷியா பத்து வருடமாகக் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் மட்டும் படம் எடுப்பவள். அதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆண்கள் பக்கத்துப் படங்கள் கண்ணாடி மாதிரி இருக்கும். பெண்கள் பக்கத்துப் படங்கள் யாரோ கதவிடுக்கில் நின்று போனில் எடுத்தவையாக, பாதி தலையும் பாதி தூணுமாக வரும். அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டுத்தான் பழைய கேமரா ஒன்றை வாங்கினாள்.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பெண்கள் பக்கம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். எல்லார் போனும் அதில் போய்விட வேண்டும், அவளுடையதும் சேர்த்து. படங்கள் பெண்ணின் தாய் கைக்குப் போன பிறகு கார்டில் ஒன்றும் மிஞ்சாது. இந்த ஒழுங்கினால்தான் கடுமையான வீடுகளும் அவளை உள்ளே விட்டன.

கல்யாணம் இல்லாத மாதங்களில் மற்ற வேலைக்கும் போவாள். சாத்தான்குளம் பக்கம் வெயில் கொதிக்கும் தேரிச் செம்மணலில் எடுக்கும்போது கேமராவுக்கு ஈரமில்லாத வெள்ளைத் துண்டு போர்த்தி, குடையையும் தனக்குப் பிடிக்காமல் அதற்குப் பிடித்தாள். பாபநாசத்தில் அருவிச் சாரலில் உறை போட்டு எடுத்தாள். தூத்துக்குடியில் மீன் வைக்கும் குளிர்கிடங்கைப் படம் எடுக்கப் போனபோது பேட்டரி பாதியில் செத்தது. மாற்றுப் பேட்டரியை இடுப்பில், உடம்புச் சூட்டில் செருகி வைத்து வேலையை முடித்தாள். காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் செய்வதையே அவளும் செய்தாள்: முதலில் தொட்டுப் பார்ப்பது, பிறகு முடிவு செய்வது.

சாப்பிட்டுத் திரும்பியபோது படியடியில் பையைக் காணோம்.

“தேடாத. குளுகுளுன்னு வச்சிருக்கேன்” என்று ஷரீபா பீவி பெருமையாகச் சொல்லி பிரிட்ஜைத் திறந்தாள். மாலைகளுக்கும் மல்லிகைப்பூப் பந்துக்கும் நடுவில் பை உட்கார்ந்திருந்தது. “சூடு தணியட்டும்னுதான். பூவே வாடாம இருக்குல்லா.”

ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த மதியம். உள்ளே நாற்பது பெண்களின் மூச்சும் பிரியாணி ஆவியும். அர்ஷியா பையைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் கேமரா முழுக்க முத்து முத்தாக வியர்த்தது. லென்ஸ் பால்போல் வெளுத்தது. அவள் உடனே அதைப் பைக்குள் தள்ளி மூடி, ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றுப் புகாமல் முடிந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளையின் பெரியம்மா ஹமீது பீவி தன் வீட்டுப் பெண்களோடு, தாலிபோலப் பெண் கழுத்தில் ஏறும் கருகமணியைக் கட்ட வந்துவிட்டாள். கட்டி முடிக்காமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

ஷரீபா பீவியின் முகம் வெளிறிவிட்டது. அவள் வீட்டுக்காரர் முகம்மது இப்ராஹிம் சவூதியில், தம்மாமில் வேலையில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. மகள் கழுத்தில் கருகமணி ஏறுவதை அவர் பார்ப்பதென்றால் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

அலங்காரம் செய்ய வந்தவள் முடி உலர்த்தும் மெஷினை நீட்டினாள். “இதால ஊதுனா நொடியில காஞ்சிரும்.”

“ஈரம் உள்ள போயிரும். வேண்டாம்.”

“அப்ப உன் போனையாவது கூடையிலேருந்து எடுட்டி. நானே சொல்லுதேன்லா” என்றாள் ஷரீபா பீவி.

“இன்னைக்கு என் போனை எடுத்தா நாளைக்கு எல்லாரும் எடுப்பாவ லாத்தா. எடுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு நேரே ஹமீது பீவியிடம் போய் நின்றாள். யார் தவறு என்று சொல்லவில்லை. “பெரியும்மா, கேமரா குளிர்ந்து போச்சு. வீட்டுச் சூட்டுக்கு அதுவா வந்தாத்தான் படம் தெளியும். அரை மணி நேரத்துக்கு மேலகூட ஆகும். பொறுக்கணும்.”

“ஏளா, பொட்டிக்குக் குளிர் காய்ச்சலா?” ஹமீது பீவி கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். “கஷாயம் போட்டுக் குடுங்கட்டி.”

பெண்கள் சிரித்தார்கள். அர்ஷியா சிரிக்கவில்லை.

“இப்பவே கட்டுனா எடுத்துருவேன். ஆனா படம் பால் மாதிரி வெளுத்துத்தான் விழும், கட்டுத கை யாருதுன்னு நீங்கதான் தம்மாமுக்குப் போன் போட்டுச் சொல்லணும்.”

ஹமீது பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டாரைப் பசியோடு உட்கார வைக்கிறவளை அவள் இதுவரை பார்த்ததில்லை. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அசர் தொழுகைக்கு முன்னால முடியணும். அதுக்கு மேல உன் பொட்டியும் வேண்டாம், நீயும் வேண்டாம்.”

அர்ஷியா அடுப்படியிலிருந்து தள்ளியிருந்த அறையில், மின்விசிறிக்கு அடியில் உறையை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உறையின் வெளிப்பக்கம் நீர் கோத்து வழிந்தது. அதை மட்டும் துடைத்தாள். இரண்டு பேர் வந்து “இன்னுமா?” என்றார்கள். உறைக்கு வெளியே நீர் கோப்பது நின்றது. பிறகும் பிரிக்காமல், மேல்வழியே தொட்டுப் பார்த்தபடி இருந்தாள். தன் கைக்கும் அதற்கும் சூடு ஒன்றான பிறகுதான் முடிச்சை அவிழ்த்தாள். சுவரைப் பார்த்து ஒன்று எடுத்தாள். சுவரின் விரிசல்கூடத் தெளிவாக விழுந்தது.

“கட்டுங்க பெரியும்மா.”

ஜன்னல் வெளிச்சத்தில் பெண் குனிந்தாள். ஹமீது பீவி பின்னலை ஒதுக்கி, நாக்கைப் பல்லால் கடித்தபடி முடிச்சுப் போட்டாள். அர்ஷியா விட்டுவிட்டு ஆறேழு படம் எடுத்தாள். ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஹமீது பீவி கேமராவின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். “நான் முறைக்குத மாதிரில்லா இருக்கு.”

“பசி பெரியும்மா.”

“ஆமா, உன்னாலதான்” என்றவள் இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தாள். “மார்கழியில என் பேத்திக்கு இருக்கு. வேற எங்கயும் வாக்குக் குடுத்துராத.” பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அர்ஷியா கல்யாண வீட்டில் உட்கார்ந்து படங்களை ஷரீபா பீவியின் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தாள். அவள் கண் முன்னாலேயே கார்டை அழித்தாள். கருகமணிப் படம் தம்மாமுக்குப் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. முகம்மது இப்ராஹிம் முதலில் கேட்டது எடுத்தது யார் என்றுதான். “நம்ம அர்ஷியா” என்றாள் ஷரீபா பீவி, ஏதோ தானே பெற்றவளைச் சொல்வதுபோல.

அர்ஷியா தலையை நிமிர்த்தி வெளியே வந்தாள். நேரே பஜாருக்குப் போய், கேமராப் பைக்குச் சரியாக வரும்படி பார்த்து ஒரு சின்னப் பூட்டு வாங்கினாள்.