பேத்தியின் பெயரில் ஒரு பதவி

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு எட்டு ஆண்டுகள் தலைவனாக இருந்தேன். அதில் கடைசி இரண்டு ஆண்டுகள் நான் இன்னொருவரிடமிருந்து திருடியவை.

சங்க விதி எளிது. பிள்ளை பள்ளியில் படிக்கும்வரைதான் பெற்றோருக்கோ காப்பாளருக்கோ பதவி. பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்தால் நாமும் வெளியேற வேண்டும். எனக்குக் கடைசி மகன் மிகவும் பிந்திப் பிறந்தவன். அதனால் ஓய்வு பெற்ற பிறகும் நான் தலைவன்.

செயலாளராக இருந்தவர் ஒரு தாய். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. முதன்முதலில் அவரைக் கவனித்தது கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவு நாளில். பள்ளியைத் துப்புரவாக்க வந்த தகப்பன்மார் மரத்தடியில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் நேரே போய், "அண்ணே, வாய்தான் வேலை செய்யுது, கையும் கொஞ்சம் செய்யட்டும்லா" என்று ஆளுக்கொரு துடைப்பத்தைத் திணித்தார். சிரித்துக்கொண்டே கூட்டினார்கள். எந்த அம்மாவுக்குத் தைக்கத் தெரியும், யாரிடம் லோரி இருக்கிறது, யாரை எப்போது கூப்பிடக் கூடாது, எல்லாம் அவருக்குத் தெரியும்.

அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பள்ளி விட்ட பிறகு வாசலில் நாலு மணிவரை உட்கார்ந்திருப்பார்கள். அவர் மகனும் அதில் ஒருவன். தாய்மார் முறைவைத்து, ஒரு வகுப்பறையில் அவர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "பார்க்கலாம்மா, அடுத்த தலைவர் நீங்கதான். அப்ப செய்யுங்க" என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டேன். அதை நம்பி, சங்க வேலைக்கு மாலையில் நேரம் கிடைக்கட்டும் என்று மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டு, நிரந்தரமாகக் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார்.

பெற்றோர் சங்கங்களில் புதிய தலைவர்களை உருவாக்க பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயிலரங்கு நடந்தது. வளர்ந்து வரும் ஒருவரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் நானே போனேன். சான்றிதழோடு திரும்பி, நல்ல தலைவன் தனக்கு அடுத்தவரை வளர்ப்பான் என்று தாய்மாருக்கு ஒரு மணி நேரம் பேசினேன். அதையும் அந்தச் செயலாளர்தான் கூட்டக் குறிப்பில் அழகாக எழுதினார்.

மகன் ஆறாம் ஆண்டை நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்தது. தலைவன் இல்லையென்றால் யார் எனக்கு முன்வரிசை தருவார்கள், யார் பொன்னாடை போர்த்துவார்கள்? சொல்லவே கூசுகிறது, பயம் இவ்வளவுதான்.

பூச்சோங்கில் இருக்கும் மகளிடம் போனேன். பேத்திக்கு முதலாம் ஆண்டு சேரும் வயது. அவளை எங்கள் பள்ளியில் சேர்க்கலாம் என்றேன்.

"இங்கயே பக்கத்துல தமிழ்ப்பள்ளி இருக்கேப்பா" என்றாள்.

"எங்க பள்ளியில பிள்ளைங்க குறைஞ்சிட்டாங்கம்மா. நம்ம சமூகத்துக்காக நாமதான் முன்னுதாரணமா இருக்கணும்" என்றேன்.

மகள் கையெழுத்துப் போட்டாள். நான் காப்பாளன் ஆனேன். திங்கள் முதல் வெள்ளிவரை பேத்தி என் வீட்டில்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் செயலாளர் புதுச் சேலையில் வந்திருந்தார். ஒரு தாய் அவர் பெயரை முன்மொழிந்தார். நான் எழுந்து, என் பேத்தி இங்கே சேர்ந்திருக்கிறாள், காப்பாளன் என்ற முறையில் எனக்கும் தகுதி உண்டு என்றேன். முன்பே பேசிவைத்திருந்த நண்பர் உடனே என் பெயரைச் சொன்னார். "மூத்தவர் இருக்கும்போது எதுக்குப் போட்டி?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

செயலாளர் என்னைப் பார்த்தார். "தலைவருக்குப் பேத்தி பிறந்ததே எங்களுக்குத் தெரியாது. ஏழு வயசாகுதாம், லேட்டா வாழ்த்துறேன்" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக. "நான் விலகிக்கிறேன்" என்று உட்கார்ந்தார். குறிப்புப் புத்தகத்தை மறுநாள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனவர் அதன் பிறகு கூட்டத்துக்கு வரவே இல்லை. மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். அடுத்த கோத்தோங் ரோயோங்கில் நானும் தோட்டக்காரரும்தான். பிள்ளைகள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பேத்தி ஞாயிறு மாலைதோறும் அம்மாவின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பழகிவிடும் என்றேன். இரண்டாம் ஆண்டின் முடிவில் பள்ளிக்கு வந்த மகளுக்கு யாரோ விவரம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நின்றபடியே கேட்டாள்: "உங்களுக்கு ஒரு நாற்காலி வேணும்னு என் பிள்ளைய ரெண்டு வருஷம் அம்மா இல்லாம தூங்க வச்சீங்களாப்பா?"

துணிமணிகளை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு போய்விட்டாள்.

தகுதி போயிற்று. அதற்கு அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். செயலாளர் வீட்டைத் தேடிப் போனேன். தேநீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். இப்போதாவது தலைமையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன்.

"எப்படி அங்கிள்? என் மகன் போன மாசம் ஆறாம் ஆண்டு முடிச்சிட்டான். அந்தப் பள்ளியில இப்ப எனக்குப் பிள்ளை இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கு எனக்கு ரெண்டு வருஷம்தான் மிச்சம் இருந்துச்சு. அது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா" என்றேன்.

அவர் மறுபடியும் மாலை ஷிப்டுக்கு மாறியிருந்தார். நேரமாகிவிட்டது என்று எழுந்து, என் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பாதிதான் குடித்திருந்தேன்.