இரண்டாவது மேசை

டாக்டரின் கை மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. இது மூன்றாவது முறை. வயிற்றின் மேல் வழவழவென்று ஊர்ந்துகொண்டிருந்த கருவி இடது பக்கம் போனது, தயங்கியது, திரும்பி வந்து அழுத்தியது.

"என்ன டாக்டர்?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க."

ஒருக்களித்துப் படுத்தாள். நம்பவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகத் தைத்த சட்டைகளைச் சோதிக்கிறவள் அவள். குறையில்லாத சட்டையின் மேல் கை ஓடிக்கொண்டே இருக்கும். குறை இருந்தால்தான் திரும்பும். தையல்காரர்கள் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டால் அவளும் ஒண்ணுமில்லை என்றுதான் சொல்வாள். சொல்லிக்கொண்டே குறையுள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள்.

டாக்டர் எழுந்துபோய் இன்னொரு டாக்டரை அழைத்துவந்தார். இருவரும் திரையைப் பார்த்தார்கள். திரை அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

பிறகு உட்காரவைத்து விளக்கினார்கள். இருபதாவது வாரம். வளர்ச்சி சரியாக இருக்கிறது. இதயத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. ஓட்டை இல்லை. இதயம் ஒழுங்காக வேலை செய்கிறது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் பலருக்கும் இது இருப்பதுண்டு. குரோமோசோம் கோளாறுள்ள குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகமாகத் தென்படும், அவ்வளவுதான். பன்னிரண்டாவது வாரத்து ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருப்பதால் அதற்கான வாய்ப்பு ரொம்பக் குறைவு. எதற்கும் நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

"பயப்படாதீங்க," என்றார் முதலில் பார்த்த டாக்டரம்மா.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவள் கணவனிடம் கேட்டாள்.

"நான் பயப்படறேன்னு சொன்னேனா?"

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"எல்லாருக்கும் ரெண்டு டாக்டர் வந்து பாக்கறாங்களா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப லிஃப்ட்ல ஒரு சத்தம் வருதுன்னு வையி. உள்ள நிக்கறவங்க எல்லாம் சாமியக் கும்பிடுவாங்க. ரோப்பைப் பாத்தா புதுசு மாதிரி இருக்கும். சத்தம் வேற, கோளாறு வேற," என்றான்.

"என் வயித்துக்குள்ள ரோப்பா ஓடுது?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவளுக்குத் தெரிந்தே வைத்த பெயர்தான். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. சட்டையின் மூன்றாவது பொத்தான் வேறு நிற நூலில் தைத்திருந்ததைப் பார்த்தாள். யார் தைத்தது என்று கேட்டாள். நான்தான் என்றான். பொய் சொல்லாதவன் என்று முடிவு செய்து சம்மதித்தாள். ஆறு வருடத்தில் அந்த முடிவை மாற்றவேண்டிய அவசியம் வந்ததில்லை.

ஸ்கேன் எடுத்த மறுநாள் காலை அவன் பாத்திரம் கழுவினான். அதற்கடுத்த நாளும் கழுவினான். மூன்றாம் நாள் சமையல் மேடையையும் துடைத்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்கிட்ட என்னத்த மறைக்கறீங்க?"

"பாத்திரம் கழுவறது ஒரு குத்தமா?"

"ஆறு வருஷமா இந்தக் குத்தத்தை நீங்க பண்ணலையே."

அவன் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அறைக்குள் வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைக்கிறான் என்பதையும் சொன்னாள். டாக்டர் அவனிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கவேண்டும், அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவன் ரிப்போர்ட் வாங்கப் போன அந்தப் பத்து நிமிஷத்தில்.

"பத்து நிமிஷமும் வரிசையில நின்னேன். நம்பு."

"போன்ல?"

"அந்தப் புள்ளியப் பத்திப் படிச்சேன். ஒண்ணுமில்லன்னு போட்டிருந்துச்சு. அதுக்குக் கீழ வேற மாதிரி போட்டிருந்துச்சு. அத்தோட நிறுத்திட்டேன்."

"வேற மாதிரின்னா?"

"நிறுத்திட்டேன்னு சொல்றேன்ல."

தொழிற்சாலையில் அடுத்த மேசைக்காரிக்கு மைக் என்று பெயர். அவள் ரகசியம் பேசினால் இஸ்திரி போடும் பகுதிவரை கேட்கும். அன்று மைக் தன் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள். நான்கு வருடம் சண்டை போட்டும் கிடைக்காத இடம்.

"யாரு உன்கிட்ட சொன்னது?"

"யாரு என்ன சொன்னாங்க? அஞ்சு மாசம் ஆச்சே, காத்து வரட்டும்னு எடத்த விட்டா என்னமோ திருடினவள மாதிரி பாக்கறே! எந்திரிடி, நானே உக்காந்துக்கறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. நம்பவும் இல்லை. மூன்றே நாளில் எல்லோரும் சந்தேகப்படும்படி நல்லவர்களாகிவிட்டார்கள். குழந்தை அசைந்தால் எதற்காக அசைகிறது என்று யோசித்தாள். அசையாவிட்டால் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சோதிக்கும் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆர்டர்களில் முதல் மேசை குறை கண்ட சட்டைகளில் சிலவற்றை, அம்புக்குறியை உரித்துவிட்டு, நல்ல சட்டைகளோடு கலந்து இரண்டாவது மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவளிடம் எதுவும் சொல்லக்கூடாது. அவள் கையும் அதே இடத்தில் நின்றால் குறை சட்டையில். நிற்காவிட்டால் குறை முதல் மேசைக்காரியின் கண்ணில்.

ஐந்தாம் நாள் ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு ஸ்கேன் மையத்தில் பெயர் கொடுத்தாள்.

"ரிப்போர்ட்ட எடுத்துக்கலையா?" என்றான் அவன்.

"அது வீட்லயே இருக்கட்டும். அஞ்சாம் மாசத்துக்கு இதுதான் முதல் ஸ்கேன்னு சொல்லப்போறேன். நீங்க வாயத் தொறக்கக்கூடாது."

"டாக்டர்கிட்ட போய் பொய்யா?"

"பொய் இல்ல. சோதனை."

இந்த டாக்டர் வயதானவர், வாயாடி. ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று கேட்டார். எடுத்தாயிற்று, நல்லபடியாக இருந்தது என்றாள். அது உண்மை. அவர் கருவியை நகர்த்திக்கொண்டே வெயிலைப் பற்றியும் வண்டி நிறுத்த இடமில்லாததைப் பற்றியும் பேசினார். அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். கை எங்கும் திரும்பி வரவில்லை.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. எந்திரிச்சுக்கலாம்."

அவள் எழுந்தாள். முகத்தைப் பார்த்துக் கணவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கதவுவரைகூடப் போகவில்லை. மனிதர் பேசிக்கொண்டே இருந்தாரே, எங்கே பார்த்தார்? திரும்பினாள்.

"ஹார்ட்ல ஒண்ணும் இல்லையா டாக்டர்?"

அவர் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "ஏம்மா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

கணவன் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினான். முதல் ரிப்போர்ட். வீட்டில் விட்டுவிட்டு வந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது. அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு எட்டுப் பின்னால் போனான்.

டாக்டர் படித்தார். "இந்தப் புள்ளிய நானும் பாத்தேன்."

"பாத்துட்டுச் சொல்லலையா?"

"ரத்தப் பரிசோதனை நல்லா இருக்குன்னீங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கு. புள்ளி தனியா இருந்தா நான் எழுதறதில்ல. எழுதினா அம்மாக்காரி ராத்திரி தூங்கமாட்டா. அவங்க எழுதற கட்சி. நான் எழுதாத கட்சி. ரெண்டு கட்சியும் உண்டு."

"அப்ப என் குழந்தைக்கு இருக்கறத என்கிட்ட மறைச்சிருக்கீங்க."

"ஆமா," என்றார். கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களும்தான் மறைச்சீங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. "உங்ககிட்ட சொல்லியிருக்கலாம்னு இப்பத் தோணுது. படுங்க. இன்னொரு தடவ பாக்கலாம்."

இந்த முறை திரையை அவள் பக்கம் திருப்பினார். பேசவில்லை. சாம்பல் நிறத்துக்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு வெள்ளை மணி, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் போய் வந்தது. அவளுடைய கண்ணுக்கு அதைக் காட்டவேண்டியிருக்கவில்லை. கடுகைவிடச் சிறியதாக இருக்கும் என்றார். ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முகம், முதுகெலும்பு, சிறுநீரகம், விரல்கள் என்று ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தார். நேரமாயிற்று.

"இது போயிடுமா?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். ரெண்டும் ஒண்ணுதான்."

"நூத்துக்கு நூறு நல்லா இருக்கும்னு சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்மா. புள்ளியே இல்லாத பிள்ளைக்கும் அப்படிச் சொல்லமாட்டேன். யாராவது சொன்னா நம்பாதீங்க. வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு அவங்க எழுதியிருக்கறது சரி. அதுக்கு மேல தெரிஞ்சுக்கணும்னா இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கு, எடுக்கணும்னு கட்டாயமில்ல. நாலு வாரம் கழிச்சு அவங்ககிட்டயே போங்க. ஒழுங்காப் பாக்கறவங்க."

அவள் அந்த முகத்தில் எதையோ தேடினாள். ஐந்து நாளில் பயப்படாதே என்று சொல்லாத முதல் ஆள் இவர். நூறு கேட்டும் கொடுக்க மறுத்திருந்தார். பேப்பர் துண்டை வாங்கி வயிற்றைத் துடைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது கேட்டாள், "எப்ப எடுத்து வச்சீங்க அதை?"

"நீ தலை வாரிக்கிட்டிருந்தப்ப."

"திருட்டுப் புத்தி."

"நீ பண்ணினதுக்கு என்ன பேராம்?"

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் அவள் எட்டரைக்கு வேலைக்குப் போனாள். பதினோரு மணிக்குக் கரண்ட் போய் இருபது நிமிஷம் கழித்து வந்தது. சாப்பாட்டு நேரத்தில் மைக்கிடம் புள்ளியைப் பற்றிச் சொன்னாள். மைக் இரண்டு கேள்வி கேட்டாள். ஒன்றுக்கு இவள் பதில் சொன்னாள். இன்னொன்றுக்குத் தெரியாது என்றாள். மூன்று மணிக்கு முதல் ஸ்கேன் மையத்துக்குப் போன் செய்து நான்கு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினாள். காலை பத்தே கால். ஐந்தரைக்கு வேலை முடிந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்தபோது கணவன் இன்னும் வந்திருக்கவில்லை. கை கால் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.