எர்மான்சியா கேட்கும் பத்தொன்பது தாள்கள்

வாழைக்காய் வறுவல் விற்கும் எர்மான்சியாவுக்கு அரசாங்கம் நஷ்டஈடாகப் புது வீடு கொடுத்துவிட்டதாம். ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் சந்தை முழுக்க இதே பேச்சு. விசாரிக்கப் போனேன். அதே தகரக் கூரை, அதே ஓட்டை.

"புது வீட்டைப் பாக்க வந்தியா தம்பி? ஒழுகாத இடமாப் பாத்து உக்காரு."

ராணுவ ஆட்சியில், துரத்தப்பட்ட அதிபரின் படத்தைக் கடையில் ஒட்டியிருந்ததுதான் அவள் செய்த குற்றம். மூன்று துப்பாக்கிக்காரர்கள் வீடு புகுந்து அவளை வன்புணர்ந்தார்கள். "இனிமே யாருக்கு ஓட்டுப் போடுறேன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு ஜனநாயகம் திரும்பியது. நீதியும் திரும்பியது, தாள் எடுத்துவரத்தான் மறந்துவிட்டது. நீதிமன்றத்தில் புகாரை எழுதும் தாளைக்கூடப் புகார் கொடுப்பவரே வாங்கிப் போக வேண்டும். சொல்ல நிறைய இருந்ததால் இவள் இருபது தாள் வாங்கிப் போய்க் குமாஸ்தாவிடம் கொடுத்தாள். ஒரு மணி நேரம் தன் பேச்சுமொழியான கிரியோலில் பேசினாள். குமாஸ்தா முதல் தாளில் நீதிமன்ற மொழியான பிரெஞ்சில் ஐந்து வரி எழுதினார்.

"அவ்வளவுதானா ஐயா?"

"சட்டத்துக்கு இது போதும்மா. டாக்டர் சர்டிபிகேட் எங்க?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல காவலுக்கு நின்னதே அந்த மூணு பேருல ஒருத்தன்தான். அவன்கிட்டயே கையெழுத்து வாங்கியிருக்கணுமோ?"

இதைக் குமாஸ்தா எழுதவில்லை. நான்கு வருடமாக வழக்கு அந்த ஐந்து வரியிலேயே நிற்கிறது. எர்மான்சியா திங்கள்தோறும் போய்க் கேட்கிறாள்.

"நான் சொன்னதை முழுசா எழுதுங்க. இல்லேன்னா மீதி பத்தொன்பது தாளைத் திருப்பிக் குடுங்க."

குமாஸ்தா இதுவரை இரண்டையும் செய்யவில்லை.