கடல்காரர் மலைக்கு வந்த நாள்

நான் கள்ளக்குறிச்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். என் கணவர் லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். வீட்டு வாசலில் சும்மா நின்றிருந்த காரை, அக்கம்பக்கத்தாருக்கு ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று நான் எடுக்கத் தொடங்கினேன். பிறகு அதுவே வேலையாகிவிட்டது. பெண் ஓட்டுகிறாள் என்பதற்காகவே சிலர் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்காகவே கூப்பிடாதவர்களும் உண்டு.

அப்படி என்னைத் தேடிக் கூப்பிட்டவர்களில் ஒருத்தி, எங்கள் ஊரில் நர்ஸ் வேலை பார்த்த இளம்பெண்.

"அக்கா, எங்க அம்மாவும் அப்பாவும் கடலூர்ப் பக்கத்துல இருந்து வராங்க. காலையில திருநாவலூர் கோயில்ல சாமி கும்புட்டுட்டு நிப்பாங்க. அங்க ஏத்திகினு, கல்வராயன் மலைய நாள் பூரா சுத்திக் காட்டிட்டு, சாயங்காலம் என் வூட்ல கொண்டாந்து வுட்டுடுங்க. எனக்கு லீவு குடுக்கல" என்றாள். போனை வைப்பதற்கு முன், "அப்பாவுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. கடல்ல கத்திக் கத்திப் பேசின பழக்கம். ஒன்னும் நெனச்சிக்காதீங்க" என்றும் சொன்னாள்.

நான் போனபோது அவர்கள் கோயிலை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வெளிச்சுற்றில் ஒரு பெரியவர், கைகள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக, நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி கனகாம்பரம் வைத்துக்கொண்டு, கற்சுவரில் வெட்டியிருந்த பழைய எழுத்துகளை விரலால் தடவியபடி இருந்தாள்.

"நீதானாம்மா டிரைவரு?" என்று அவர் சுற்று முழுவதும் கேட்கும்படி கேட்டார். "பாரு, எவ்ளோ நேரமா செவுத்த தடவிக்கினு இருக்கா. படிக்கத் தெரிஞ்ச மாரி."

"படிக்கத் தெரியாதுங்க. ஆனா எவனோ குந்தி ஒவ்வொன்னா வெட்டியிருக்கான் இல்ல? தொட்டாத் தெரியுது" என்றாள் அந்த அம்மா, என்னைப் பார்த்து. இத்தனை வருடம் அந்தக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போயிருக்கிறேன். நான் அந்த எழுத்துகளைத் தொட்டதில்லை. அன்று தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

காரில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து, எங்கள் இருவர் தலைக்கும் இடையே முகத்தை நீட்டிப் பேசிக்கொண்டே வந்தார். சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போனவர். தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு நிறுத்திவிட்டார். அந்த அம்மா மீன் விற்கப் பண்ருட்டி வரை போயிருக்கிறாள், அதைத் தாண்டி வந்தது மகளைப் பார்க்கத்தான். மலை என்றால் டி.வி.யில் பார்த்ததோடு சரி.

"கண்ணாலம் ஆன புதுசுல கேட்டேன். கூட்டிக்கினு போறேன்னாரு. இப்பதான் போறோம்" என்றாள். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கள்ளக்குறிச்சி நெரிசலைக் கடந்து, கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது மலை தெரிந்தது. மழை விட்டு அதிக நாள் ஆகவில்லை. மலை முழுவதும் கரும்பச்சையாக இருந்தது. அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும்தான் வாய் திறந்தாள்.

"இதும் மேலயா போவப்போறோம்?"

"ஆமாங்கம்மா. உச்சி வரைக்கும் ரோடு இருக்கு."

இரண்டு வளைவு ஏறியிருப்போம். பின்சீட்டில் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தார். நெற்றியில் வேர்வை.

"ஐயா, வாந்தி வர மாரி இருக்குதா?"

"இல்லம்மா. நீ ஓட்டு. ஓரமா போவாத. உள்பக்கமா போ."

"உள்பக்கமாத்தாங்க போறேன்."

அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, "யோவ், இன்னா ஆச்சு? புயல்ல போய்ட்டு வந்த ஆளு!" என்றாள்.

"கடல்ல கீழ வுழுந்தா நீந்தலாம்மே. இங்க வுழுந்தா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கைகளைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பொய்ப்பயம் இல்லை அது.

ரோடு கொஞ்சம் அகன்ற இடம் ஒன்று உண்டு. அங்கே வருகிறவர்கள் எல்லாரையும் இறக்கிக் காட்டுவேன். எதிரே செங்குத்தான பாறை, மேலிருந்து கீழ்வரை வெட்டி நிறுத்தியதுபோல் நிற்கும். அதன் இடுக்கில் மழைத்தண்ணீர் வெள்ளை நூலாக வழியும். கீழே பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் நாங்கள் வந்த சமவெளி, அணை, வயல்கள். காரை மலைச்சுவரை ஒட்டி நிறுத்தினேன். அந்த அம்மா இறங்கிக் கைப்பிடிச் சுவர் வரை போனாள். அதை ஒட்டி ஒரு பெரிய கல் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இறங்கவில்லை. நான் கதவருகில் நின்றேன்.

"அவ எங்க நிக்கிறா?"

"கல்லு மேல குந்திக்கினு இருக்காங்க."

"ஓரத்துலயா?"

"செவுத்துக்கு இந்தப் பக்கந்தாங்க. பயம் இல்ல."

"வரச் சொல்லு."

கூப்பிட்டேன். "தோ வரேன்" என்று கையை ஆட்டினாள். வரவில்லை. காற்றில் சேலைத் தலைப்பு படபடத்தது. அதை இழுத்துச் செருகிக்கொண்டு பாறையையே பார்த்திருந்தாள்.

கொஞ்ச நேரம் போனது. "இப்ப வராளா?" என்றார்.

"இன்னும் இல்லைங்க."

"இன்னா பண்றா?"

"பாத்துக்கினு இருக்காங்க."

அவர் மூச்சை இழுத்துவிட்டார். பிறகு மலைப்பக்கக் கதவைத் திறந்து, காரைப் பிடித்தபடியே இறங்கி நின்றார். கண்ணைத் திறந்து அவள் முதுகை மட்டும் பார்த்தார். ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் குரல் கொடுத்தார். கடலில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கேட்க வேண்டிய குரல் அது. பாறையில் பட்டு அப்படியே திரும்பி வந்தது. அந்த அம்மா திடுக்கிட்டு எழுந்து, எங்களை நோக்கி வந்தாள்.

"இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துற? நான் எங்க ஓடிப்பூட்டேன்?"

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் புயல்ல, படகு திரும்பாம இருந்தப்போ, கரையில இப்பிடித்தான் நின்னுக்கினு இருந்தியா?" என்று கேட்டார்.

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "நீ இப்ப காருல சாஞ்சிக்கினு நின்ன. அன்னிக்கு நான் புள்ளைய இடுப்புல வெச்சிக்கினு நின்னேன். அவ்ளோதான்" என்றாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வந்ததும் சோறு போடுன்ன. சாப்ட்டுத் தூங்கிட்ட. அடுத்த நாளு வலை பிரிக்கப் போயிட்ட. எப்பச் சொல்றது?"

நான் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். என் கணவர் வீடு வந்து சேரும் நாட்கள் நினைவுக்கு வந்தன. அவரும் முதலில் சோறுதான் கேட்பார். நானும் முதலில் அதைத்தான் போடுவேன்.

அந்த அம்மா என்னிடம் திரும்பி, "உன் வூட்டுக்காரரு லாரி ஓட்றாருன்னு எம்பொண்ணு சொன்னா. இப்ப எங்க இருக்காரு?" என்றாள்.

"நாக்பூர் தாண்டிட்டேன்னு நேத்து போன் பண்ணாருங்க."

"உங்களுக்காவது போன் இருக்கு" என்றாள்.

கரியாலூரில் ஒரு பலாமரத்தடியில் சாப்பிட்டோம். புளிச்சோறும் வறுத்த சங்கரா மீனும் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கும் சேர்த்தே கட்டியிருந்தாள். சமதரையில் கால் வைத்ததும் அவருக்கு வாய் திரும்பிவிட்டது. எங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் மீன் மீனே இல்லை என்று சாதித்தார்.

அங்கே ஒரு சின்ன ஏரி. அதில் காலால் மிதித்து ஓட்டும் படகுகள் விடுகிறார்கள். அன்னம் மாதிரி கழுத்து வைத்த பிளாஸ்டிக் படகு ஒன்றைப் பார்த்து, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் மனைவியிடம், "ஏறலாமா?" என்றார்.

"நானா? வேணாம். எனக்கு நீச்சல் தெரியாது."

"நான் இருக்கேன் இல்ல?"

"நம்ம ஊர்ல பொம்பளைங்க படகுல ஏறுவாங்களா இன்னா?"

"அது தொழிலுக்குப் போற படகு. இது வாத்து" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "இத்தினி வருசத்துல ஒரு தடவ கூட இவுரு படகுல நான் குந்தினது இல்ல. கரையோட சரி" என்றாள். முன்பு மலை விளிம்பில் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தவளுக்கு, அந்தச் சின்ன ஏரித் தண்ணீரின் அசைவுக்கே இப்போது உதடு வெளுத்துவிட்டது.

"போய்ட்டு வாங்கம்மா. நான் இங்கயே நிக்கிறேன்" என்றேன்.

படகுக்காரர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை அவருக்கு மாட்டிவிட வந்தபோது பெரிய வாக்குவாதம். "எனக்கா? எனக்கா இது?" கடைசியில் மனைவி அதட்டியதும் மாட்டிக்கொண்டார். அவளைக் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தார். படகு ஆடியதும் அவள் அலறிய அலறலில் கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மிதித்தார். மற்றவர்களின் படகுகள் வட்டமடித்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருக்க, இந்தப் படகு மட்டும் கோடு போட்டதுபோல் நடு ஏரிக்குப் போனது. அங்கே நிறுத்தினார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் கையை நீட்டிக் காற்று வரும் திசையைக் காட்டுவதும், அவள் தலையாட்டுவதும் தெரிந்தது. பிறகு திருப்பும் பிடியை அவள் கையில் கொடுத்துவிட்டார். படகு எதிர்க்கரைப் புதர் ஒன்றில் போய் முட்டியது. அப்போது அவள் சிரித்த சிரிப்பு மட்டும் நான் நின்ற இடம் வரை கேட்டது. நேரம் முடிந்துவிட்டது என்று படகுக்காரர் விசில் ஊதினார். இன்னும் ஊதினார். அவர் காது அதற்கெல்லாம் திரும்புகிற காதாகத் தெரியவில்லை.

வெள்ளிமலைக்குப் போய் டீ குடித்துவிட்டு இறங்கினோம். இறக்கத்தில் அந்த அம்மா முன்னால் உட்காரவில்லை. பின்சீட்டில் அவரோடு உட்கார்ந்து, மூடிய கண்ணோடு இருந்தவருக்கு வெளியே இருப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது மரவள்ளி வயல், இப்போது குரங்கு, இப்போது ஒரு பஸ், அதுக்கு வழி விடுது பொண்ணு, பயப்படாத.

"அந்தப் பாறை வந்துச்சா?"

"வந்துச்சி. வெயில் பட்டு செவப்பா இருக்கு."

அவர் அந்த ஒரு இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்தார். உடனே மூடிக்கொண்டார்.

மகள் வீட்டில் இறக்கிவிட்டபோது, "மலை எப்டிப்பா இருந்துச்சி?" என்று அவள் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் கம்மி" என்றார்.

அடுத்த மழைக்குப் பிறகு அந்த அம்மாவே போன் செய்தாள். தன் தெருவில் மீன் விற்கும் மூன்று பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். அவர் வரவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் பின்னால் திரும்பி, எது அணை, எது பாறை, எங்கே இறங்க வேண்டும், எந்தப் படகு ஆடாது என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். அன்று நான் வண்டி மட்டும்தான் ஓட்டினேன்.